நட்பான வணக்கங்களுடன், திரு. பொன்னுத்துரை

8 ஒக்டோபர், செவ்வாய்

அம்மாவின் கல்லறைக் கல்லில் மஞ்சள் ஸ்ரிக்கர் ஒட்டியிருக்கிறார்கள். தவறான இடத்தில் நிறுத்திய காருக்கு ஒட்டுவார்களே, அதேபோல. "பாவனைக் காலம் முடிவடைகிறது. நிர்வாகத்துடன் தொடர்புகொள்ளவும்." இருபது வருடம் படுத்தது போதும், எழும்பு என்கிறார்கள். ஈரத் துணியால் தேய்த்துப் பார்த்தேன், போகவில்லை. ஜேர்மன்காரன் ஒட்டினால் ஒட்டினதுதான்.

நேரே சவக்காலைக் கந்தோருக்குப் போனேன். கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவன் கணினியைப் பார்த்தான். நவம்பர் முப்பதுடன் முடிகிறதாம். நீட்டாவிட்டால் கல்லைக் கழற்றிவிட்டுச் சாம்பலைப் பொதுக் குழிக்கு மாற்றுவார்களாம். நான் நீட்டுகிறேன், எங்கே கையெழுத்து என்றேன்.

"நீங்கள் உரித்தாளர் இல்லை. உரித்தாளர் திரு. பொன்னுத்துரை."

நானும் திரு. பொன்னுத்துரைதான் என்றேன். அடையாள அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டு, "மற்றத் திரு. பொன்னுத்துரை" என்றான்.

மற்றத் திரு. பொன்னுத்துரை என் அண்ணன் ஜெகசோதி. இதே ஊரில், என் வீட்டிலிருந்து மூன்று ட்ராம் தரிப்புத் தள்ளி இருக்கிறார். பெண்சாதி செத்துவிட்டா, ஒரே மகள் கனடாவில். இருபது வருடமாக நாங்கள் கதைப்பதில்லை. தமிழ்க் கடையில் அவர் அரிசிப் பக்கம் நின்றால் நான் மீன் பெட்டிப் பக்கம் நிற்பேன். அம்மாவிடம் நான் மாதத்தில் ஒரு செவ்வாய் போவேன், அவர் ஞாயிறுகளில் வருவார். யாரும் பேசி வைத்த ஒழுங்கு இல்லை.

அவர் எழுத்தில் சம்மதம் தந்தால் உரித்தை என் பெயருக்கு மாற்றலாமாம். அதற்காக நான் அவரிடம் கேட்க வேண்டும்.

9 ஒக்டோபர், புதன்

என் பெண்சாதி வதனா சொல்கிறாள்: "இஞ்சருங்கோ, மூண்டு தரிப்பு. போய்க் கதவைத் தட்டிச் சொன்னால் முடிஞ்சுது."

"நான் அந்தக் கதவைத் தட்ட மாட்டன்."

"அப்ப நான் போய்க் கேக்கட்டே?"

"நீயும் போகக்கூடாது."

கறிச் சட்டிக்கு மூடி போட்ட சத்தம் பக்கத்து வீட்டுக்கும் கேட்டிருக்கும்.

நியாயத்தை எழுதி வைக்கிறேன். தகப்பனுக்கு மூத்தவன், தாய்க்கு இளையவன். எங்கள் பக்கத்தில் கொள்ளி வைக்கும் முறை அது, சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இங்கே கொள்ளி என்றால் பெட்டியின் மேல் கற்பூரம் கொளுத்திவிட்டு ஒரு பொத்தானை அமத்துவது. 2004 நவம்பரில் அம்மா செத்தபோது அந்தப் பொத்தானை அமத்தியது அவர். நான் அப்போது வேறு ஊரில் இருந்தேன். ஓட்டோபான் நெடுஞ்சாலையில் நெரிசல், பிந்திவிட்டேன். அவர் எனக்காகப் பொறுத்திருக்கலாம், பொறுக்கவில்லை. என் தாய்க்கு நான் வைக்க வேண்டிய நெருப்பை அவர் எடுத்துக்கொண்டார். அன்றிலிருந்து அவர் வீட்டுத் தண்ணீர்கூட என் தொண்டையில் இறங்கியதில்லை.

அடுத்த வருடமே இந்த ஊருக்கு மாறி வந்தேன். அம்மா இங்கே கிடக்கிறா என்பதற்காக. வேறு ஒருவருக்காகவும் இல்லை.

10 ஒக்டோபர், வியாழன்

கடிதத்தைத் தமிழில் எழுத முடியாது. எழுதிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். பேனையை எடுத்தால் கை தானாக "அன்புள்ள அண்ணாவுக்கு" என்று தொடங்குகிறது. அன்பை வெட்டினேன். "அண்ணாவுக்கு" என்று மட்டும் நின்றது, அதைப் பார்க்க இன்னும் மோசமாக இருந்தது. பெயரைச் சொல்லித் தொடங்குவதற்கு என்னை அப்படி வளர்க்கவில்லை. நாலு தாளைக் கிழித்தேன்.

ஜேர்மனில் அந்தத் தொல்லை இல்லை. "மிக மதிப்புக்குரிய திரு. பொன்னுத்துரை." வரிக் கந்தோருக்கும் இதுதான், பல் வைத்தியருக்கும் இதுதான், கூடப் பிறந்தவனுக்கும் இதுதான். என்ன, பொன்னுத்துரை அப்பாவின் பெயர். அப்பாவைக் கூப்பிட்டு அண்ணனைத் திட்ட வேண்டியிருக்கிறது.

தொடக்கம் சரி, முடிவுதான் தெரியவில்லை. கீழ் வீட்டு ஜேர்மன் மனுசி ஃபிறவ் பிறிங்க்மனிடம் போனேன். முப்பத்தொரு வருடம் ஒரு வக்கீலிடம் தட்டச்சு செய்தவ. எழுபத்தெட்டு வயது. மாடத்துக்கு வரும் புறாக்களுக்கும் அவவுக்கும் நிரந்தரப் பகை. யாருக்குக் கடிதம் என்று கேட்டா. ஒரு எதிரிக்கு என்றேன். உடனே கதிரையை இழுத்துப் போட்டா.

"வீட்டாருக்கு 'அன்பான வணக்கங்கள்'. அது உங்களுக்கு வேண்டாம். அறிமுகமானவருக்கு 'பல வணக்கங்கள்', அதுவும் வேண்டாம். உங்களுக்கு 'மிற் ஃப்றொயிண்ட்லிஷன் குறூஸன்', நட்பான வணக்கங்களுடன். நட்பு என்று நினைக்காதீர்கள், அது வெறுமனே கதவைச் சாத்துகிற சத்தம்."

"அதைவிடக் கடுமையாக?"

கண்ணாடியைத் துடைத்தா. வணக்கங்களை வணக்கம் என்று ஒருமையில் எழுதினால் முகத்தைச் சுழிப்பது. மூன்று எழுத்தாகச் சுருக்கினால், உனக்கு முழுச் சொல் செலவழிக்க மனமில்லை என்பது. ஒன்றும் எழுதாமல் விட்டால் மனிதனாகவே மதிக்கவில்லை என்பது. எல்லாவற்றுக்கும் மேல் ஒரு நீளச் சொல் இருக்கிறது, ஹோக்ஆக்டுங்ஸ்ஃபோல். "உயர்ந்த மதிப்புடன் என்று அகராதி சொல்லும். நம்பாதீர்கள். வீட்டைக் காலி செய் என்று அனுப்பும் கடிதத்தில் எங்கள் வக்கீல் ஐயா அதைத்தான் போடுவார்."

நடுவில் எவ்வளவு மரியாதையாக எழுதினாலும் குத்து கடைசி வரியில்தான் இருக்குமாம். நல்ல மொழி. இத்தனை வருடம் இதைச் சரியாகப் பாவிக்காமல் விட்டுவிட்டேன்.

முதல் கடிதத்தை முழுதாக, பன்மையில், நட்பான வணக்கங்களுடன் முடித்துப் போட்டேன். நான் பண்பானவன்.

18 ஒக்டோபர், வெள்ளி

பதில் வந்தது. கையால் எழுதியது, அதுவும் ஜேர்மனில். "உங்கள் கடிதம் கிடைத்தது. இது நேரில் பேச வேண்டிய விடயம். பின்னேரங்களில் வீட்டில் இருப்பேன். நட்பான வணக்கத்துடன்."

வணக்கத்துடன். ஒருமை!

கீழே ஓடினேன். ஃபிறவ் பிறிங்க்மன் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "ஓ" என்றா. அந்த ஓ எனக்குப் போதும்.

தெரியாமல் நடந்திருக்காது. யாழ்ப்பாணத்தில் அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கராக இருந்த மனிதன். ஒரு காற்புள்ளி தவறினாலும் முழுத் தாளையும் திருப்பி எழுதுகிறவர். எனக்கு எழுதும்போது மட்டும் வணக்கம் குறைந்துபோயிற்றாம்.

21 ஒக்டோபர், திங்கள்

இரண்டாம் கடிதம் போட்டேன். நேரில் பேச ஒன்றும் இல்லை, எழுத்தில் சம்மதம் வேண்டும், நவம்பர் பத்துக்குள். ஒருமையில் முடித்தேன். ஒன்றுக்கு ஒன்று.

24 ஒக்டோபர், வியாழன்

வேலை. முதியோர் இல்லத்தில் இன்று எண்பத்திரண்டு சாப்பாடு, பதினேழு அரைத்துக் கொடுக்க வேண்டியது. உருளைக்கிழங்கு அடிப்பிடித்தது. எல்லோர் மேலும் எரிந்து விழுந்தேன்.

29 ஒக்டோபர், செவ்வாய்

"நேரில் வரவும்." அதற்குக் கீழே மூன்று எழுத்து, பிறகு பெயர். அவ்வளவுதான்.

வரி வலப்பக்கம் சரிந்து ஓடுகிறது. மடியில் வைத்துக் கிறுக்கியிருக்கிறார், எழும்பி மேசைக்குப் போகக்கூட மனமில்லை. எழுத்தும் எறும்பு அளவு. உனக்கு இவ்வளவுதான் என்கிறார். ஒரு மனிதனை வெறுக்கலாம், இப்படிச் சுருக்கலாமா?

31 ஒக்டோபர், வியாழன்

தீபாவளி. வதனா பயத்தம் பணியாரம் சுட்டாள். பின்னேரம் ஒரு டப்பாவுடன் வெளியே போனாள், டப்பா இல்லாமல் வந்தாள். எங்கே போனாய் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவாள்.

சாப்பிடும்போது தானாகத் தொடங்கினாள். அத்தான் என்பது என் அண்ணனை. "அத்தான்ர கை..."

"இந்த வீட்டில அந்தாளின்ர பேர் வேண்டாம்."

"நான் பேர் சொல்லேல்லை. கை எண்டுதான் சொன்னன்."

"கையும் வேண்டாம்."

பணியாரம் நன்றாக இருந்தது. சொல்லவில்லை.

4 நவம்பர், திங்கள்

இன்று அந்த நீளச் சொல்லைப் போட்டேன். ஃபிறவ் பிறிங்க்மன் எழுத்துக் கூட்டித் தந்தா. கந்தோர் தந்த சம்மதப் படிவத்தையும் உள்ளே வைத்து, பதிவுத் தபாலில் அனுப்பினேன். கையெழுத்துக் கோட்டில் பென்சிலால் பெருக்கல் குறி மாதிரி ஒரு புள்ளடி போட்டுவிட்டேன், எழுதப் படிக்கத் தெரியாதவருக்குப் போடுவதுபோல. கச்சேரிக் கிளாக்கருக்கு அது நன்றாகச் சுடும்.

திரும்பி வரும்போது எனக்கு அவ்வளவு சந்தோஷம். ட்ராமில் ஒரு கிழவிக்கு எழும்பி இடம் கொடுத்தேன்.

15 நவம்பர், வெள்ளி

படிவம் வந்துவிட்டது, கையெழுத்துடன்! வென்றுவிட்டேன்.

கூட ஒரு வெள்ளைத் தாள் இருந்தது. மேலே "இத்துடன்" என்ற ஒரு சொல். கீழே வணக்கமும் இல்லை, பெயரும் இல்லை. இருபுறமும் திருப்பிப் பார்த்தேன்.

"கடைசியாச் செய்தார் பாத்தியே," என்று வதனாவுக்குக் காட்டினேன். அவள் தாளை வாங்கி மடித்துச் சாமித்தட்டில் வைத்தாள். இந்தப் பெண்ணுக்கு என்ன நடந்தது என்று தெரியவில்லை.

19 நவம்பர், செவ்வாய்

கந்தோர்க்காரன் படிவத்தை வாங்கினான். இருபது வருடத்துக்கு முந்தைய கோப்பை எடுத்தான். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தான். பிறகு என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே.

"இது வேறு ஒருவரின் கையெழுத்து."

"இல்லை, என் அண்ணனின்."

"அப்படியானால் அவரை அழைத்து வாருங்கள். முப்பதாம் திகதி சனிக்கிழமை, பூட்டு. வெள்ளி பன்னிரண்டு மணிக்குப் பிறகு நான் ஒன்றும் செய்ய முடியாது."

எனக்குப் பின்னால் நாலு பேர் நின்றார்கள். கள்ளக் கையெழுத்துக்காரன் என்று நாலு பேருக்கும் விளங்கியிருக்கும். தெரிந்தே மாற்றிப் போட்டிருக்கிறார். அம்மாவைக் கல்லோடு கிளப்பினாலும் சரி, எனக்கு விட்டுத் தரக்கூடாது. நாளைக்குப் போகிறேன். கதவைத் தட்ட அல்ல, உடைக்க.

20 நவம்பர், புதன்

போனேன். பின்னேரம் மூன்று மணி. மணியை அடித்தேன்.

"ஆர்?"

"நான்."

கதவு திறக்க நேரமெடுத்தது. என்னைக் காக்க வைத்து அவமதிக்கிறார் என்று எண்ணி, நின்ற இடத்தில் ஒரு வசனத்தைத் தீட்டிக்கொண்டிருந்தேன். திறந்தது. சேட்டுப் பொத்தான் எல்லாம் ஒன்று மாறிப் பூட்டியிருந்தது. வலக்கை தன்பாட்டில் ஆடியது, அதை இடக்கையால் பிடித்துக்கொண்டு நின்றார்.

கையைப் பார்த்த பிறகும் நான் அந்த வசனத்தைச் சொன்னேன். இதை மறைக்காமல் எழுதுகிறேன். "கள்ளக் கையெழுத்துப் போட்டு என்னைக் கந்தோரில நாறடிச்சிட்டீங்கள்."

"அதுதான்ரா இப்ப என்ர கையெழுத்து," என்றார். "உள்ளுக்க வா, குளிர் வருது."

பார்க்கின்சன். நாலு வருடமாம்.

குசினி மேசை முழுக்கத் தாள். ஒவ்வொன்றிலும் ஒரே வரி, மிற் ஃப்றொயிண்ட்லிஷன் குறூஸன், மிற் ஃப்றொயிண்ட்லிஷன் குறூஸன். மேலே உள்ளவை எழுத்தாகத் தெரிந்தன. கீழே போகப் போகச் சிறுத்து, நூல் மாதிரி ஆகி, தாளை விட்டே ஓடியிருந்தன. நான் பார்ப்பதைக் கண்டு அள்ளப் பார்த்தார். முடியவில்லை, பாதி நிலத்தில் விழுந்தது.

"தொடங்கேக்குள்ள கை ஓரளவு சொல்லுக் கேக்கும். முடிக்கிற இடத்துக்கு வரேக்குள்ள களைச்சுப்போகும். அதுதான் சுருக்கினனான். உனக்குக் குறையாப் பட்டிருக்கும்."

"படேல்லை."

"பொய். நீ கடைசியாப் போட்டியே ஒரு சொல், அதை எனக்கு முந்தி ஒரு வீட்டுக்காரன் அனுப்பினவன். நாலு கிழமைக்குள்ள எழும்பச் சொல்லி."

ஆனாலும் விடவில்லை. "கொம்பியூட்டரில அடிச்சிருக்கலாமே?"

"தம்பிக்கு ரைப் அடிச்ச கடிதமே அனுப்புறது?"

நீங்களே காலத்தை நீட்டியிருக்கலாமே, ஏன் விட்டீர்கள் என்று கேட்டேன். கந்தோர் ஜூனிலேயே அவருக்கு எழுதியதாம். பதில் வராவிட்டால் கல்லில் ஸ்ரிக்கர் ஒட்டுவோம் என்று அதில் போட்டிருந்ததாம். "ஒட்டட்டும் எண்டு விட்டனான். செவ்வாயில நீ வாறனீ. கண்டால் கோவம் வரும், கோவத்தில எண்டாலும் என்னட்டை வருவாய் எண்டு பாத்தனான். நீ என்னடா எண்டால் தபாலில சண்டை பிடிக்கிறாய்."

"அம்மாவின்ர கல்லை வைச்சோ விளையாடினீங்கள்?" கத்தினேன். கத்தத் தொடங்கியதும் இருபது வருடமும் வாய்க்கு வந்துவிட்டது. "எனக்குப் பொறுக்காமல் அந்தப் பொத்தானை அமத்தின கைதானே இது. நடுங்கட்டும்."

சொன்னேன். பெற்ற தாய் கேட்டிருந்தால் என் வாயில் அடித்திருப்பா.

அவர் கோபிக்கவில்லை. கதிரையில் இருந்துகொண்டு மெல்லச் சொன்னார்: "பொறுத்தனான். முக்கால் மணித்தியாலம் பொறுத்தனான். அங்க இருந்தவை அடுத்த பெட்டி நிக்குது எண்டிச்சினம். பிறகுதான் வெளியில வந்து உன்ர கார்க் கண்ணாடியில தட்டினனான்."

நான் எழும்பி வந்துவிட்டேன்.

21 நவம்பர், வியாழன்

வேலைக்குப் போகவில்லை.

23 நவம்பர், சனி

ஓட்டோபானில் நெரிசல் இருக்கவில்லை.

அன்று நான் ஒரு மணித்தியாலம் முந்தியே வந்துவிட்டேன். வதனா இரண்டு நாளுக்கு முன்பே அண்ணா வீட்டுக்கு வந்து நின்றதால் நான் தனியாக ஓட்டி வந்தேன். காரை நிறுத்தினேன். இறங்கினால் அம்மா செத்தது உண்மையாகிவிடும். கதவுப் பிடியில் கை வைத்தபடி இருந்தேன். சனம் உள்ளே போவதைப் பார்த்தேன். பாட்டுக் கேட்டது, நின்றது. அண்ணா வந்தார். வேட்டிக்கு மேல் குளிர் கோட்டு, கையில் தீப்பெட்டி. கண்ணாடியில் தட்டி, "வாடா" என்றார். நான் கதவைப் பூட்டினேன். அவர் நிற்கும்போதே, அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே, உள்ளிருந்து பூட்டினேன். கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனார்.

சனம் கேட்டபோது நெரிசல் என்று சொன்னது அவர். நான் அதைப் பிடித்துக்கொண்டேன். பிறகு, பொறுக்கவில்லை என்பதை நானாகச் சேர்த்துக்கொண்டேன். நாலு பேரிடம் சொன்ன பிறகு எனக்கே அது நடந்தது போலத்தான் இருந்தது.

இன்று வதனாவுக்குச் சொன்னேன். வெண்டிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை. "தெரியும். நான் உள்ளுக்கத்தானே இருந்தனான். அத்தான் வெளியில போயிட்டுத் தனிய வந்தவர். அவற்ற முகத்தைப் பாத்தனான்."

"ஏன் இவ்வளவு காலமும் சொல்லேல்லை?"

"நீங்கள் கேக்கேல்லையே."

28 நவம்பர், வியாழன்

அண்ணாவைக் கூட்டிக்கொண்டு கந்தோருக்குப் போனேன். ட்ராமில் அவருடைய சப்பாத்து நாடா அவிழ்ந்து கிடந்தது, குனிந்து கட்டிவிட்டேன்.

கந்தோர்க்காரன் பேனையை நீட்டினான். அண்ணா முதல் எழுத்தைப் போடவே ஒரு நிமிடம் போனது. பேனை விழுந்தது, எடுத்துக் கொடுத்தேன். நான் கையைப் பிடிக்கட்டுமா என்று கேட்டேன். அப்படிப் பிடித்தால் செல்லாது என்றான், சுவர் மணிக்கூட்டையும் பார்த்தான். "மணிக்கூட்டை ஏன் பார்க்கிறீர்? நாளை பன்னிரண்டு மணி வரை எங்களுக்கு நேரம் இருக்கிறது," என்றேன். என் ஜேர்மன் ஒருபோதும் அவ்வளவு திருத்தமாக வந்ததில்லை.

பொன்னுத்துரை என்று முழுதாக எழுதினார், கோட்டை விட்டு இறங்கி மேசைவரை போயிற்று. கந்தோர்க்காரன் முத்திரை குத்தினான். அம்மா இன்னும் இருபது வருடம் கிடக்கலாம். உரித்தாளர் நான்.

வெளியே வந்ததும் அண்ணா சொன்னார்: "புள்ளடி போட்டு அனுப்பினியேடா, நாயே." எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கு வரவில்லை.

1 டிசம்பர், ஞாயிறு

இனித் தன் கடிதங்களை நான்தான் எழுத வேண்டும் என்று அண்ணா கூப்பிட்டிருந்தார். மருத்துவக் காப்புறுதிக் கந்தோர், வீட்டுக்காரன் எல்லாம் பிறகாம், முதலில் செத்தவீட்டுச் சேவைக்காரருக்கு ஒன்று. அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். தன் செத்தவீட்டுக்கான ஒழுங்கு. எந்தப் பெட்டி, பூ வேண்டாம், மைக்கில் யாரும் பேசக்கூடாது. கிளாக்கர் புத்தி, ஒன்று இரண்டு என்று இலக்கம் போடச் சொன்னார். இலக்கம் ஐந்துக்கு வந்ததும் கதிரையை எனக்குக் கிட்ட இழுத்தார்.

"ஐந்து. கொள்ளி வைப்பவர், என் தம்பி பொன்னுத்துரை குகநேசன். எழுது."

பேனை ஓடவில்லை. ஜேர்மனில் அதற்குச் சொல் இல்லை என்று சாட்டுச் சொன்னேன். அப்படியானால் தமிழில் எழுது என்றார். எழுதினேன். என் எழுத்தும் கோணலாகத்தான் வந்தது. முடிவில் என்ன போட என்று கேட்டேன்.

"நட்பான வணக்கங்கள். முழுசாப் போடு, சுருக்காதை." நான் போட்டு முடிக்கும் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "குகா," என்றார். "அண்டைக்குக் காரை வீட்டில விட்டிட்டு ட்ராமில வா."

பேனையை வைத்துவிட்டு எழும்பிப் போய், அவருடைய குளியலறையில் நின்று அழுதேன். வாய்விட்டு அழுதேன், அவருக்குக் கேட்கட்டும் என்றுதான் அழுதேன். கதவைப் பூட்டவில்லை. பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, கடித உறைக்கு விலாசம் எழுதினேன்.